செயின்சா கார்ப்பரேட்டர் மக்கர் செய்கிறதா? திருகைத் தொடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

மரம் அறுக்கிற மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம், ஒரு சின்னத் திருப்புளியை எடுத்துக் கார்ப்பரேட்டர் ஓரமாகத் தெரிகிற இரண்டு திருகையும் இஷ்டத்துக்குத் திருகுவது. அரைச் சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே, நாலு தடவை கயிறு இழுப்பு, திரும்ப அரைச் சுற்று. கடைசியில் எது எங்கே இருந்தது என்றே தெரியாமல் போய்விடும். யோசித்துப் பாருங்கள், போன தை மாதம் வரை நன்றாக அறுத்த மிஷின் அது. அந்தத் திருகுகள் தானாகத் திரும்பவில்லை. மாறியது வேறு ஏதோ ஒன்று. உள்ளே இருக்கிற டயஃப்ரம் என்கிற மெல்லிய தகடு விறைத்திருக்கும், சல்லடை அடைத்திருக்கும், இல்லாவிட்டால் டேங்கில் கிடந்த பெட்ரோல் கெட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் திருகைத் திருகினால் ஒரு கோளாறு இரண்டாகும், அவ்வளவுதான்.

எனக்கு இந்தப் பாடம் கஜா புயலுக்குப் பிறகு கிடைத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை அது அடித்து ஓய்ந்தபோது எங்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. அறுக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் பலரும் மிஷினே வாங்கிவிட்டார்கள், நாங்களும் ஒரு 58 சிசி சீன மிஷின் வாங்கினோம். இரண்டு மாதம் பேய் மாதிரி உழைத்தது. அப்புறம் மோட்டார் கொட்டகையில் டேங்கில் பெட்ரோலோடு அப்படியே மாட்டி வைத்தோம். அடுத்த வருஷம் எடுத்தால் மூச்சில்லை. கடையில் காட்டினால் பிஸ்டன் கிட் மாற்றணும் என்றார்கள். மனசு கேட்காமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து பிரித்தேன். பிஸ்டன் பளபளவென்று இருந்தது. கார்ப்பரேட்டருக்குள்ளே இருந்த டயஃப்ரம்தான் பொரித்த அப்பளம் மாதிரி விறைத்துப்போய், விரலால் அழுத்தினால் டக் டக்கென்று சத்தம் போட்டது. அன்றிலிருந்து மச்சான் வீட்டு மிஷின், பக்கத்துத் தோப்புக்காரர் மிஷின் என்று பத்துப் பன்னிரண்டு பிரித்துவிட்டேன். கீழே எழுதியிருப்பது அந்த அனுபவம்தான்.

பெரும்பாலான செயின்சாவில் இருப்பது வால்ப்ரோ அல்லது சாமா கார்ப்பரேட்டர், சீன மிஷினில் அவற்றின் நகல். வேலை செய்யும் விதம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

உள்ளே என்ன நடக்கிறது, சுருக்கமாக

டிவிஎஸ் எக்ஸெல் கார்ப்பரேட்டரைக் கழற்றியவர்களுக்குத் தெரியும், அதில் கீழே ஒரு கிண்ணம், கிண்ணத்தில் பெட்ரோல், அதில் மிதக்கிற ஒரு மிதவை. மிஷினைத் தலைகீழாகப் பிடித்து அறுத்தால் கிண்ணம் என்ன ஆகும்? அதனால்தான் செயின்சாவில் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக இரண்டு மெல்லிய டயஃப்ரம்.

ஒரு பக்கம் பம்ப் டயஃப்ரம். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே இருக்கிற கிராங்க் கேஸ் என்ற அறையில் உண்டாகிற அழுத்தமும் உறிஞ்சலும் ஒரு சின்ன ஓட்டை வழியாக வந்து இந்தத் தகட்டைத் துடிக்க வைக்கும். அந்தத் துடிப்பில்தான் டேங்கிலிருந்து பெட்ரோல் ஏறுகிறது. மறுபக்கம் மீட்டரிங் டயஃப்ரம். எஞ்சின் காற்றை இழுக்கும்போது இது உள்வாங்கி ஒரு லீவரை அமுக்கும், லீவர் மறுமுனையில் நீடிலைத் தூக்கும், பெட்ரோல் உள்ளே வரும். தேவை முடிந்ததும் ஒரு குட்டி ஸ்பிரிங் நீடிலைத் திரும்ப மூடிவிடும். இந்த இரண்டு வேலையையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணம் தானாகப் புரியும்.

பிரிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம்

பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும். முதலில் ஏர் ஃபில்டர். தென்னை மரத்தூள் ஈரமாக, நார் நாராக வரும், ஆயிலோடு சேர்ந்து ஃபில்டர் மேல் அடை தட்டியது போல ஒட்டிக்கொள்ளும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், ஸ்டார்ட் ஆனால் கழுவிக் காயவைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். ஃபில்டர் இல்லாமல் அறுக்க மட்டும் கூடாது.

அடுத்து ப்ளக். கழற்றி, கேப்பில் செருகி, அதன் இரும்பு உடம்பை சிலிண்டர் இறக்கையில் அழுத்திப் பிடித்துக் கயிறு இழுத்தால் நீல நிறப் பொறி வரவேண்டும். ப்ளக் ஓட்டைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்காதீர்கள், உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும், பற்றிக்கொள்ளும்.

அப்புறம் பெட்ரோல். இதில்தான் இப்போது நிறையப் பேர் மாட்டுகிறார்கள். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பல மிஷின்களின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருக்கும். எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகி அடியில் தங்கிவிடும், நாம் கலக்கிற 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் மேலே இருக்கிற பெட்ரோலோடு போய்விடும். டேங்குக்குள் இருக்கிற ஃபில்டர் கனமாக அடியில் கிடக்கும் இல்லையா, அது உறிஞ்சுவது எதை? ஆயில் இல்லாத அந்த அடித் தண்ணீரைத்தான். ஸ்டார்ட் ஆகாவிட்டால் கூடப் பரவாயில்லை, அரைகுறையாக ஓடினால்தான் பிஸ்டனுக்கு ஆபத்து.

உங்கள் பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் என்று வீட்டிலேயே பார்க்கலாம். 20 மில்லி சிரிஞ்சில் 2 மில்லி தண்ணீர், 18 மில்லி ஆயில் கலக்காத பெட்ரோல் இழுத்து, முனையை மூடிக் குலுக்கி நிமிர்த்தி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். 2 மில்லியாக இருந்த அடி அடுக்கு ஐந்தரை மில்லி அளவுக்கு உயர்ந்தால் அது இ20. இப்படியே எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு மிச்சத்தை மிஷினுக்கு ஊற்றலாமே என்று என் மச்சான் கேட்டார். வேண்டாம், ஆக்டேன் இறங்கிவிடும், அதில் தண்ணீரும் கொஞ்சம் தங்கும். சோதித்ததை மிஷினில் ஊற்றாமல் தள்ளிவிடுங்கள்.

பழைய பெட்ரோலை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், 25க்கு 1 என்றால் 40 மில்லி. உங்கள் மிஷினுக்கு எது என்று கையேடு சொல்லும். ஆயிலை அதிகம் ஊற்றினால் மிஷினுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. சைலன்சரும் ப்ளக்கும் கரி பிடிப்பதுதான் மிச்சம்.

கடைசியாக ஒரு சோதனை. ப்ளக் ஓட்டைக்குள் கலந்த பெட்ரோலை நாலைந்து சொட்டு மட்டும் விட்டு, ப்ளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு விநாடி வெடித்து ஓடி நின்றால், பொறி இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, பெட்ரோல் மட்டும்தான் வரவில்லை என்று அர்த்தம். பிரிக்க வேண்டியது கார்ப்பரேட்டர்தான் என்று அப்போது முடிவு செய்யலாம்.

அறிகுறி: எத்தனை தடவை இழுத்தாலும் ப்ளக் காய்ந்தே இருக்கிறது

சோக் போட்டு ஏழெட்டுத் தடவை இழுத்த பிறகும் ப்ளக் முனையில் ஈரமே இல்லை, பெட்ரோல் வாசனையும் இல்லை என்றால், டேங்கிலிருந்து நீடில் வரைக்கும் எங்கோ வழி அடைத்திருக்கிறது. டேங்கிலிருந்தே தொடங்குங்கள். ஒரு கம்பியை வளைத்து டேங்க் வாய் வழியாக ஃபில்டரை வெளியே இழுங்கள். ஹோஸ் வெடித்திருந்தால், ஒட்டுப் பிசுபிசுத்திருந்தால், அல்லது விரலால் மடக்கினால் மடங்காமல் கட்டையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். வெடித்த ஹோஸில் பெட்ரோலுக்குப் பதில் காற்றுதான் ஏறும், வெளியே ஒரு சொட்டுக் கசிவு கூடத் தெரியாது.

ஃபில்டரும் ஹோஸும் சரி என்றால் கார்ப்பரேட்டரின் பம்ப் மூடியைக் கழற்றுங்கள். ஒரே ஒரு திருகுதான் இருக்கும். உள்ளே, பெட்ரோல் வருகிற ஓட்டையில், சட்டைப் பொத்தானை விடச் சின்னதாக ஒரு வட்டச் சல்லடை இருக்கும். முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி அதன் மேல் படிந்திருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணிகள் தெரியாது. ஊசி முனையால் மெதுவாக நெம்பி எடுத்து, கார்ப் கிளீனர் அடித்துக் கழுவித் திரும்ப வையுங்கள். கிழிந்திருந்தால் கார்ப்பரேட்டர் ரிப்பேர் கிட்டில் புதிது இருக்கும்.

சல்லடையும் சுத்தம் என்றால் மிச்சம் இருப்பது விறைத்த மீட்டரிங் டயஃப்ரம். அது உள்வாங்கினால்தான் லீவர் அமுங்கும். அப்பளமாகிவிட்ட தகடு எங்கே உள்வாங்கும்? லீவர் பிடித்துப் போய் நீடில் மூடியபடியே ஒட்டிக்கொள்வதும் உண்டு, வருஷக்கணக்கில் கிடந்த மிஷினில் அது சகஜம்.

அறிகுறி: ப்ளக் ஊறிப்போய் வருகிறது, சும்மா வைத்தாலும் ஏர் ஃபில்டர் பக்கம் பெட்ரோல் கசிகிறது

இது நேர் எதிர்க் கோளாறு. நீடில் மூடவில்லை. நீடில் முனையில் இருக்கிற ரப்பரை நகத்தில் வைத்து, முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அது தேய்ந்துவிட்டது. பள்ளம் இல்லை, ஒரு சின்ன மரத்தூள் துணுக்கு நீடில் உட்காரும் இடத்தில் மாட்டியிருந்தாலும் இதே கதைதான். லீவர் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தாலும் டயஃப்ரம் அதை எப்போதும் அமுக்கிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். யாராவது ஏற்கெனவே பிரித்துப் பார்த்த மிஷினில் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

எளிதில் கண்ணில் படாத இன்னொன்று பம்ப் டயஃப்ரத்தில் விழுந்த ஓட்டை. அந்தத் தகட்டின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் கிராங்க் கேஸுக்குப் போகும் ஓட்டை. ஊசி முனை அளவு கிழிசல் இருந்தாலும் பெட்ரோல் கார்ப்பரேட்டர் வழியாகப் போகாமல் குறுக்கு வழியில் நேரே எஞ்சினுக்குள் போய்விடும். நீடிலை மாற்றி, லீவரைச் சரி செய்து, அதற்குப் பிறகும் ப்ளக் ஊறினால் பம்ப் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஊறிய எஞ்சினைத் தெளிய வைக்க ப்ளக்கைக் கழற்றி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கிக்கொண்டு பத்துத் தடவை இழுங்கள். உள்ளே தேங்கிய பெட்ரோல் ஓட்டை வழியாகத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஐட்லிங்கில் ஓடுகிறது, ரேஸ் கொடுத்தால் மூச்சடைத்து அணைகிறது

என்னிடம் வருகிற மிஷின்களில் பெரும்பாலும் இந்தக் கேஸ்தான், இதில்தான் திருகைத் திருகித் தப்பாகப் போகிறவர்களும் அதிகம். ஆக்சிலேட்டரை அமுக்கியதும் த்ராட்டில் தகடு திறக்கும், காற்று சட்டென்று உள்ளே பாயும், பெட்ரோலும் அதே வேகத்தில் கூட வரவேண்டும். வராவிட்டால் 'ப்ப்ப்' என்று அமுங்கிப் போகும்.

த்ராட்டில் தகட்டின் ஓரத்தில், கார்ப்பரேட்டர் குழாயின் சுவரில், வரிசையாக இரண்டு மூன்று நுண்ணிய ஓட்டைகள் இருக்கும். ஐட்லிங்கிலிருந்து முழு ரேஸுக்குப் போகும் அந்த இடைப்பட்ட நொடியில் பெட்ரோல் தருவது இவைதான். ஒன்று அடைத்தாலும் போதும், எஞ்சின் அந்த இடத்தில் தடுக்கி விழும். இவற்றைக் கழுவ எல் திருகை (குறைந்த வேகத்தில் பெட்ரோல் அளவைச் சரிசெய்வது) கழற்றிவிட்டு அந்த ஓட்டைக்குள் கார்ப் கிளீனரின் மெல்லிய குழாயை வைத்து அடிக்க வேண்டும், மூன்று ஓட்டையிலும் தனித்தனியாகப் பீச்சி வருகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை நான் போடாமல் அடித்து, எதிர்ப்பக்க ஓட்டை வழியாக நேரே கண்ணுக்குள் வந்தது, கிணற்றடியில் கால் மணி நேரம் கண்ணைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்பி விட்டுக் குத்தாதீர்கள். அந்த ஓட்டைகளின் அளவுதான் பெட்ரோலின் அளவு, கம்பி அதைப் பெரிதாக்கிவிடும். வேண்டுமானால் மெல்லிய தூண்டில் நரம்பு அல்லது டூத் பிரஷ்ஷின் ஒற்றை இழை போதும். அந்த ஓட்டைகளுக்கு மேலே வட்டமாக ஒரு தகர மூடி அடித்திருப்பார்கள். புது மூடி கையில் இல்லாமல் அதைக் குத்தி எடுக்க வேண்டாம், திரும்ப அடைக்க முடியாது.

ஓட்டைகள் சுத்தம், ஆனாலும் மூச்சடைக்கிறது என்றால் விறைத்த டயஃப்ரம், அல்லது லீவர் தாழ்ந்திருப்பது. அதற்கும் பிறகுதான் எல் திருகைக் கால் சுற்று வெளியே எடுத்துப் பார்க்கும் உரிமை உங்களுக்கு.

ரேஸ் கொடுத்தால் மூச்சடைக்காமல், புகை கக்கிக்கொண்டு சோம்பலாக ஏறினால் அது வேறு. பெட்ரோல் அதிகம், மேலே சொன்ன நீடில் பக்கம் போங்கள்.

அறிகுறி: ஐட்லிங் ஏறி இறங்குகிறது, ஆக்சிலேட்டரை விட்டாலும் செயின் நிற்கவில்லை

எங்கோ காற்று கசிகிறது. கார்ப்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கிற ரப்பர் பூட், அதன் கேஸ்கட், லூசான இரண்டு நட்டு. ஓடும்போது அந்த இணைப்பில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே செய்தால் சத்தம் மாறும். பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ அடிக்கவே கூடாது, சைலன்சர் ஒரு சாண் தூரத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது. கசிவு இருக்கிற மிஷினை எல்ஏ திருகை (ஐட்லிங் வேகத்தைச் சரிசெய்வது) குறைத்து அடக்கிவிட்டு அறுக்கப் போவது பிஸ்டனைச் சீக்கிரம் சாகடிக்கிற வழி.

அறிகுறி: பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு நின்றுவிடுகிறது

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிறதா? மூடியை மாட்டியதும் திரும்ப ஸ்டார்ட் ஆகிறதா? டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, கார்ப்பரேட்டர் மேல் பழி போடாதீர்கள். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி பம்ப்பால் இழுக்க முடியாமல் போகிறது. துளையைச் சுத்தம் செய்தால் முடிந்தது. ஒரு மிஷினுக்கு இதற்காக மூன்று தடவை கார்ப்பரேட்டரைக் கழற்றிய புத்திசாலி நான்தான்.

அறிகுறி: நேராகப் பிடித்தால் ஓடுகிறது, சாய்த்தால் அணைகிறது

டேங்க் ஹோஸ் கட்டையாகி, கனமான ஃபில்டர் பெட்ரோல் இருக்கும் பக்கம் விழாமல் அந்தரத்தில் நிற்கும். ஹோஸை மாற்றுங்கள். புது ஹோஸிலும் இதே கதை என்றால் நீடில் கசிகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: மரத்தில் வைத்து அழுத்தினால் இழுவை இல்லை

வரிசை இதுதான்: ஏர் ஃபில்டர், டேங்க் ஃபில்டர், உள் சல்லடை, சைலன்சரின் பொறித்தடுப்பு வலை. வலை கரி பிடித்து மூடியிருக்கும், கம்பிப் பிரஷ் போதும். எல்லாம் சரி, கையில் எடுத்துப் பார்த்தால் வெறும் ரேஸில் மட்டும் கிறீச்சென்று உச்சத்துக்குப் போகிறது, மரத்தில் வைத்தால் சாகிறது என்றால் உடனே அணையுங்கள். பெட்ரோல் போதாமல் ஓடுகிறது, ஆயிலும் போதாமல்தான். அப்படி ஒரு டேங்க் அறுத்தால் பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும்.

சரி, பிரிக்கலாம்

கார்ப்பரேட்டர் உடம்பிலேயே எண் பொறித்திருக்கும், வால்ப்ரோ என்றால் டபிள்யூடி, எச்டிஏ என்று தொடங்கும். மிஷினின் பெயரை விட்டுவிடுங்கள், அந்த எண்ணைக் கொடுத்துக் கிட் வாங்குங்கள், ஒரே மிஷினில் இரண்டு வகை கார்ப்பரேட்டர் வருவது உண்டு. வால்ப்ரோவில் டி என்று தொடங்கும் கிட்டில் டயஃப்ரமும் கேஸ்கட்டும் மட்டும், கே என்று தொடங்கினால் நீடில், லீவர், ஸ்பிரிங், சல்லடையும் சேர்த்து. நான் எப்போதும் கே கிட்தான் வாங்குவேன். சீன 58 சிசி மிஷின் என்றால் கிட்டுக்கும் முழுக் கார்ப்பரேட்டருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனாலும் ஒருமுறை கிட் போட்டுப் பழகுங்கள், கை வரும்.

இடம் முக்கியம். காற்றோட்டமான திண்ணை, பக்கத்தில் அடுப்போ பீடியோ இல்லாமல். விளிம்பு உள்ள எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றில் வெள்ளைத் துணி விரித்து அதற்குள் வைத்துப் பிரியுங்கள். லீவரைப் பிடித்திருக்கும் குட்டித் திருகைக் கழற்றியதும், அடியில் இருக்கிற ஸ்பிரிங், அரிசியை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான், பறக்கும். என்னுடையது திண்ணையிலிருந்து பறந்து முற்றத்து வைக்கோலுக்குள் போய், ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தை வைத்து முக்கால் மணி நேரம் தேடினேன். இப்போதெல்லாம் இடது கட்டைவிரலால் லீவரை அமுக்கிக்கொண்டுதான் திருகைக் கழற்றுவேன்.

ஒவ்வொரு மூடியைத் திறந்ததும் போனில் ஒரு படம். எச் (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைச் சரிசெய்வது), எல் திருகுகளைக் கழற்றும் முன், உள்ளே மெதுவாகத் திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். உட்கார்ந்த பிறகு முறுக்கினால் முனை சேதமாகும். சில சின்ன மிஷின்களில் எச் திருகே இருக்காது, நிலையான ஜெட்தான், தேட வேண்டாம்.

டயஃப்ரம், நீடில், ரப்பர் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் கிளீனர் அடிக்க வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசரைக் கொண்டுபோய் முழு அழுத்தத்தில் காட்டாதீர்கள், மெயின் நாசிலுக்குள் இருக்கிற ஒருவழி வால்வு கெட்டுவிடும். அது கெட்டால் ஐட்லிங் ஜென்மத்துக்கும் நிலைக்காது.

திரும்ப மாட்டும்போது வரிசை மாறுவதுதான் பெரிய தவறு. பெரும்பாலான வால்ப்ரோவில் மீட்டரிங் பக்கம் முதலில் கேஸ்கட், அதன் மேல் டயஃப்ரம், பிறகு மூடி. பம்ப் பக்கம் அப்படியே தலைகீழ், முதலில் டயஃப்ரம், அதன் மேல் கேஸ்கட். உங்களுடையது வேறாக இருந்தால் போனில் இருக்கிற படம்தான் சட்டம். மீட்டரிங் டயஃப்ரத்தின் நடுவில் இருக்கிற உலோகப் பொட்டு லீவரின் பக்கம் பார்க்க வேண்டும், சில மாடலில் அது லீவரின் பிளவுக்குள் கொக்கி போல மாட்டிக்கொள்ளும்.

லீவர் உயரத்துக்கு மாடலுக்கு மாடல் அளவு உண்டு. சிலவற்றில் குழியின் தரை மட்டம், சிலவற்றில் உடம்பின் விளிம்பிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடத் தாழ்வாக. கழற்றும் முன் விளிம்பின் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து எவ்வளவு இடைவெளி என்று பார்த்துவைத்தால் புதியதையும் அதே அளவுக்கு வளைக்கலாம். வளைக்கும்போது நீடிலை அமுக்காமல் வளையுங்கள், இல்லாவிட்டால் புது நீடில் முனையிலும் பள்ளம்.

மாட்டி முடித்ததும், எஞ்சினில் போடும் முன்னால் ஒரு சோதனை. வீட்டில் பழைய பிபி பார்க்கும் கருவி இருந்தால் அதன் பல்பையும் டயலையும் பெட்ரோல் வரும் நிப்பிலில் டியூப் வைத்து இணையுங்கள். நீடிலை ஒரு சொட்டுப் பெட்ரோலால் நனைத்துவிட்டு, 300 வரை அமுக்குங்கள், அது சுமார் 5.8 பிஎஸ்ஐ. முள் அப்படியே நிற்க வேண்டும். நீடில் இதைவிட அதிக அழுத்தத்தில்தான் திறக்க வேண்டும், அதனால் முள் இறங்கினால் எங்கோ கசிவு. கார்ப்பரேட்டரை முழுக்கத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் எங்கே குமிழி என்று தெரியும், பிறகு நன்றாகக் காயவையுங்கள்.

எஞ்சினில் மாட்டும்போது இடையில் வைக்கிற கேஸ்கட்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், கிராங்க் கேஸ் துடிப்பு வருகிற வழி அது. கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டால் அந்த ஓட்டை மூடிக்கொள்ளும், பம்ப் துடிக்காது, புதுக் கிட் போட்ட மிஷினில் ப்ளக் காய்ந்தே வரும். கிட் போட்டும் சரியாகவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இப்போதுதான் திருகு

எச், எல் இரண்டையும் மெதுவாக உட்காரவைத்து, எழுதிவைத்த சுற்று அளவுக்கு வெளியே எடுங்கள். எழுதிவைக்கவில்லை என்றால் இரண்டுக்கும் ஒரு சுற்று, தொடங்க அது போதும். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே எடுத்தால் கூடும். புது ஏர் ஃபில்டர், பாரும் செயினும் மாட்டி, முன்னால் ஆள் யாரும் இல்லாமல், தரையில் வைத்து ஐந்து நிமிடம் சூடாக்குங்கள்.

முதலில் எல். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஐட்லிங் அதிகமாக ஏறும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை வெளியே எடுங்கள். ரேஸ் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். அப்புறம் எல்ஏ, செயின் நிற்கும் வரை குறையுங்கள். கடைசியாக எச். செயின் பிரேக்கை எடுத்துவிட்டு இரண்டு மூன்று விநாடி மட்டும் முழு ரேஸ் கொடுத்துக் காதைக் கொடுங்கள். வெறும் ரேஸில் சத்தம் தெளிவாகக் கிறீச்சிடாமல் கொஞ்சம் கரகரவென்று உடைந்து கேட்க வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு போய்த் தெளிய வேண்டும். அதுதான் சரியான இடம். வெறும் ரேஸிலேயே தெளிவாக இருந்தால் எச் திருகைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். என் அப்பா இன்னும் 'நல்லாக் கத்துது, இதுதான் சரி' என்பார், அவரை மிஷின் பக்கம் விடுவதில்லை.

இவ்வளவும் செய்து, பழைய அறிகுறி அப்படியே இருக்கிறதா? அப்போது மட்டும் கார்ப்பரேட்டரை விட்டுவிட்டு வேறு பக்கம் பாருங்கள். எஞ்சின் அணைந்த நிலையில் கயிற்றுப் பிடியைப் பிடித்து மிஷினை அந்தரத்தில் தூக்குங்கள். தடங்கித் தடங்கி மெல்ல இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது, கிராங்க் சீல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கயிறு வழுக்கிக்கொண்டு மிஷின் சரேலென்று கீழே வந்தால், சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். செங்குத்தாகக் கீறல் விழுந்திருந்தால், சரி, அன்றைக்கு கடைக்காரர் சொன்ன பிஸ்டன் கிட்டை இந்தத் தடவை வாங்க வேண்டியதுதான்.